யார் எடுத்த அளவு

புக்கர் டி. வாஷிங்டன் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1901இல் வெளிவந்த தன்வரலாற்றில், சிறுவயதில் தனக்குத் தரப்பட்ட ஒரு சட்டையைப் பற்றி எழுதுகிறார். ஆளிச் செடியின் நாரில் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் கழிவை நெய்து தைத்த சட்டை அது. புதிதாகப் போட்டால் உடம்பு முழுக்க முள்ளாகக் குத்தும். பல் பிடுங்கும் வலியைத்தான் அதற்கு ஈடாகச் சொல்ல முடியும் என்கிறார். அதைப் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அம்மணமாகத் திரிய வேண்டும். அவருடைய அண்ணன் ஜான் ஒரு காரியம் செய்தான். தம்பியின் புதுச்சட்டையைத் தான் மாட்டிக்கொண்டு சில நாள் நடமாடினான். முள் மழுங்கித் துணி தணிந்ததும் கழற்றிக் கொடுத்தான். அடிமைகளுக்குள் ஒருவர் மற்றவருக்குச் செய்து தான் கேள்விப்பட்ட பெருந்தன்மைகளில் இதுவும் ஒன்று என்கிறார் வாஷிங்டன்.

இதை முதல்முறை படித்தபோது எனக்கு அண்ணனின் அன்புதான் கண்ணில் பட்டது. பல வருடம் கழித்துத் திரும்பப் படித்தபோது சட்டை கண்ணில் பட்டது. வயதில் மூத்த ஒருவன் நாள்கணக்கில் போட்டுத் திரிந்துவிட்டு இளையவனிடம் கொடுக்க முடிந்தது என்றால், அது யாருடைய உடம்புக்கும் தைக்காத சட்டை. நம் ஊரில் தையல் கடைக்குப் போகும்போது துணியோடு ஓர் அளவுச் சட்டையையும் எடுத்துப் போவோம். அளவுச் சட்டை இல்லையென்றால் தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப்பை உருவி, கையைத் தூக்கச் சொல்லி, தோள், மார்பு, கை நீளம் என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டில் எழுதுவார். அந்த இரண்டு நிமிடமும் உங்கள் உடம்பு உங்களுடையதாக மட்டும் இருக்கிறது. உங்கள் வலத்தோள் சற்றுச் சாய்ந்திருப்பது அவருக்குத் தெரியும், அதற்கும் இடம் விட்டுத்தான் வெட்டுவார். இந்தச் சாதாரண அனுபவம் இல்லாமலே தலைமுறைகளைக் கழித்த மக்கள், தையலையும் மிடுக்கையும் ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி.

அடிமைகளை யாரும் அளக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. நன்றாகவே அளந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 முதல் தடைசெய்த அமெரிக்கச் சட்டம், உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே அவர்களைக் கப்பலில் ஏற்றிச் செல்வதை அனுமதித்தது. ஆனால் ஒவ்வொருவரின் பெயர், பால், வயது, உயரம், நிறம் ஆகியவற்றைக் கப்பல் தலைவன் பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும். அடி, அங்குலக் கணக்கில் உயரம் குறித்த அந்தத் தாள்கள் ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. சரக்கு மாறிவிடாமல் இருக்க எடுத்த அளவு அது. உடுப்பதற்கு வேறு கணக்கு. மேரிலாந்துத் தோட்டத்தில் வளர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய நூலில் அந்தப் படியளப்பைச் சொல்கிறார்: வேலைக்கு ஆகாத சிறுபிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு முரட்டுச் சட்டை, வேறு எதுவும் கிடையாது. அவை கிழிந்துவிட்டால் அடுத்த படி வரும்வரை நிர்வாணம்.

இந்தத் துணிக்குத் தனிச் சந்தையே இருந்தது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரின் பெயரால் வழங்கிய முரட்டுத் துணி, வேல்ஸ் நாட்டு மலைக்கிராமங்களில் நெய்த கம்பளி, பிறகு ரோட் ஐலண்டில் பீஸ் டேல் என்ற ஊரில் ஹாசர்ட் குடும்பத்தார் ஆலையில் நெய்து தெற்கே அனுப்பியது என்று பல ரகம். ஏட்டில் இதற்கு ‘நீக்ரோ துணி’ என்றே பெயர். துணியின் பெயரிலேயே அதை உடுத்துகிறவரின் நிலையும் அடங்கிவிட்டது. ரோட் ஐலண்டில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்து வெகுகாலம் ஆன பின்பும் அந்தத் தறிகள் ஓடின.

பெயர் போதாது என்று சட்டமும் வந்தது. 1739 செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை ஒடுக்கிய மறுவருடமே, 1740இல், அந்தக் குடியேற்றம் ஒரு விரிவான சட்டத்தை இயற்றியது. எழுதக் கற்றுக்கொடுக்கக்கூடாது, கூட்டமாகச் சேரக்கூடாது என்ற விதிகளோடு உடைக்கும் ஒரு விதி இருந்தது. நீக்ரோ துணி, முரட்டுக் கம்பளி, ஓஸ்னாப்ரூக், நீல லினன், கட்டம்போட்ட லினன், மட்டமான காலிகோ, கட்டம்போட்ட பருத்தி ஆகியவற்றுக்கு மேலான எதையும் அடிமை உடுத்தக்கூடாது. உடுத்தினால் காவலர் அதைப் பிடுங்கித் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சீருடை போட்ட வீட்டு ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எழுத்துக்கும் துணிக்கும் ஒரே சட்டத்தில் தடை என்பது தற்செயல் இல்லை. எஜமானின் கையெழுத்துச் சீட்டு இல்லாமல் அடிமை வெளியே போக முடியாது. எழுதத் தெரிந்தவன் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். நல்ல கோட்டு போட்டவனிடம் சீட்டைக் கேட்கவே காவலன் தயங்குவான். சட்டம் இயற்றியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆனால் ஊர் அடங்கவில்லை. நான்கே வருடத்தில், 1744இல், சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தின் பெரு நடுவர் குழு ஒரு முறையீடு வைத்தது: கறுப்பினப் பெண்கள் சட்டத்தை மதிக்காமல் தங்கள் நிலைக்கு மீறிப் பகட்டாக உடுத்துகிறார்களாம். எனக்கு அந்த முறையீடு மிகவும் பிடித்த ஆவணம். குற்றம் சாட்டியவர்களே சாட்சியும் சொல்லிவிட்டார்கள்.

சட்டத்தின் பட்டியலில் காலிகோவும் கட்டப் பருத்தியும் இருப்பதைப் பார்த்தால் தமிழ் வாசகருக்குச் சற்று உறுத்தும். அந்த நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு மாற்றாகக் கைமாறிய பண்டங்களில் முக்கியமானது. சோழமண்டலக் கரையில் நெய்ததும் அதில் உண்டு. புதுச்சேரியின் நீலத் துணி செனகல் ஆற்றுப் பகுதியில் நாணயம்போலவே புழங்கியது. மெட்ராஸ் பெயரில் போன கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் பெண்களின் தலைக்கட்டாகி, அங்கே இன்றும் ‘மெட்ராஸ்’ என்ற பேரிலேயே இருக்கிறது. ஸ்பானியர் ஆட்சியில் இருந்த நியூ ஆர்லியன்ஸில் 1786இல் ஆளுநர் எஸ்டெபான் மீரோ, கறுப்பு வம்சாவளியில் வந்த சுதந்திரப் பெண்கள் தலைமுடியை அலங்கரிக்காமல் துணியால் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். வெள்ளைக்காரிகளுக்குப் போட்டியாக நிற்கிறார்கள் என்பதுதான் புகார். பெண்கள் கட்டினார்கள். கண்ணைப் பறிக்கும் நிறங்களில், அடுக்கடுக்காக முடிச்சிட்டு, கட்டாமல் இருந்தபோது இருந்ததைவிட எடுப்பாகக் கட்டினார்கள்.

நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்த மெட்ராஸ் கட்டத்துக்கு ‘இஞ்சிரி’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிளேடையோ பேனாக்கத்தியையோ எடுத்து, நெய்து வந்த துணியில் வேண்டாத நிறத்து இழைகளை ஒவ்வொன்றாக அறுத்து உருவிவிடுகிறார்கள். மிஞ்சுவதில் புதுக்கோலம் எழும்புகிறது. ‘பெலெத்தெ பிட்டெ’, அதாவது இழை அறுத்த துணி என்று அதைச் சொல்கிறார்கள். தறியில் நாள் முழுக்கக் கோத்த இழையை இப்படி எடுத்துப் போடுகிறார்களே என்று நம் ஊர் நெசவாளர் ஒருவேளை பதறியிருப்பார். ஆனால் அந்த அறுப்புக்குப் பின்னால்தான் அது கலபாரித் துணி ஆகிறது.

அடிமையின் உடை எப்போதும் மட்டமாகவே இருந்தது என்று நினைத்தாலும் தவறு. வெல்வெட்டும் சரிகையும் போட்ட அடிமைகள் இருந்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2025இல் கறுப்பின ஆண்களின் தையல் அழகியலைப் பற்றி நடத்திய கண்காட்சியில், மேரிலாந்தில் ஓர் அடிமை அணிந்த ஊதா வெல்வெட் சீருடையும் இருந்தது. வண்டிக்காரன் கோட்டில் மின்னும் சரிகை வண்டியின் சொந்தக்காரனைப் பற்றிப் பேசுகிறது. ஏலத்துக்கு நிறுத்தும் நாளிலும் இப்படித்தான். 1841இல் கடத்தி விற்கப்பட்ட சாலமன் நார்த்தப், நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் ஆண்களுக்குத் தொப்பி, கோட்டு, சட்டை, கால்சட்டை, காலணி எல்லாம் கொடுத்து நிறுத்தியதைப் பதிவு செய்திருக்கிறார். வாழ்நாளில் பலருக்கு முழு உடுப்பு கிடைத்தது அந்த ஒரு நாளாகவே இருந்திருக்கலாம்.

கண்காட்சியின் விருந்தினர் பொறுப்பாளராக இருந்தவர் மோனிக்கா மில்லர். 2009இல் வந்த ‘ஸ்லேவ்ஸ் டு ஃபேஷன்’ என்ற அவருடைய நூல்தான் கண்காட்சிக்கு அடித்தளம். லண்டன் மாளிகைகளில் அலங்காரப் பொருளாக நிறுத்தப்பட்ட கறுப்பினச் சிறுவர்களில் சிலர், தமக்கு உடுத்தப்பட்ட உடையைத் தம் கையில் எடுத்துக்கொண்டதிலிருந்து கறுப்பின டாண்டியின் கதையை அவர் தொடங்குகிறார். டாண்டி என்ற சொல்லுக்கு நம்மிடம் நேர்ச்சொல் இல்லை. ‘மைனர்’ என்போம், ‘ஷோக்குப் பேர்வழி’ என்போம். இரண்டிலும் ஒரு நக்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் அந்த நக்கல் உண்டு.

அந்த நக்கலுக்குப் பலியானவர்களில் ஒருவர் ஜூலியஸ் சுபீஸ். செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்து, இங்கிலாந்தில் குவீன்ஸ்பெரி சீமாட்டியின் ஆதரவில் வளர்ந்தவர். வாள்வீச்சும் குதிரையேற்றமும் கற்று, லண்டன் நாடக அரங்குகளில் பிறர் திரும்பிப் பார்க்கும்படி உடுத்தித் திரிந்தவர். 1772இல் அவரைக் கேலி செய்து சித்திரம் அச்சிட்டு விற்றார்கள். 1777இல் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டார். கல்கத்தாவில் வாள்வீச்சும் குதிரையேற்றமும் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தவர், 1798இல் குதிரையிலிருந்து விழுந்து அங்கேயே இறந்தார்.

சுபீஸின் பகட்டுக்குச் சீமாட்டி காசு கொடுத்தாள். என் மனதுக்கு அவரைவிட நெருக்கமானவன் பேக்கஸ். அவனைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவனைப் பிடித்துத் தரச்சொன்ன விளம்பரத்திலிருந்து. 1774 ஜூன் மாத ‘வர்ஜீனியா கெஜட்’டில் அவனுடைய எஜமான் கொடுத்தது. ஓடிப்போனவன் எடுத்துச் சென்ற துணிமணிகளை அந்த விளம்பரம் வரிசையாகச் சொல்கிறது: ரஷ்ய ட்ரில் துணியில் வெள்ளைக் கோட்டு இரண்டு, அதில் ஒன்றுக்கு நீல மடிப்பு, மற்றது புத்தம்புதிது, உலோகப் பொத்தான்களோடு. நீல நிறப் பிளஷ் கால்சட்டை. மெல்லிய கோடை மேல்சட்டைகள் இரண்டோ மூன்றோ. வெள்ளைச் சட்டை ஐந்தாறு, அதில் இரண்டு கொஞ்சம் உயர்ந்த ரகம். வெள்ளைக் காலுறைகள். நேர்த்தியான காலணி, வெள்ளி வார்ப்பூட்டு. அந்தக் காலத்து லண்டன் மைனர்கள் பாணியில் வெட்டி மடித்த ஒரு தொப்பி. கடைசியாகக் கெட்டியான பெரிய கோட்டு ஒன்று.

எஜமான் இதையெல்லாம் எழுதியது ஆளை அடையாளம் காட்ட. ஆனால் எழுத எழுத, தன்னிடம் அடிமையாக இருந்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று அவரே சொல்லிக்கொண்டு போகிறார். ஜான் கிறிஸ்டியன் என்ற பெயரில் சுதந்திர மனிதனாக நடித்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறப் பார்ப்பான், சோமர்செட் வழக்கின் தீர்ப்பு அவனுக்குத் தெரியும் என்று எச்சரிக்கிறார். இங்கிலாந்து மண்ணில் இருக்கும் அடிமையை வலுக்கட்டாயமாக வெளியே அனுப்ப முடியாது என்று 1772இல் லண்டனில் வந்த தீர்ப்பு அது. அட்லாண்டிக்கைத் தாண்டி வர்ஜீனியாவின் மேற்கு ஓரத்தில், ஓர் அடிமைக்கு இரண்டே வருடத்தில் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. கூடவே தொப்பியின் நாகரிகமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேக்கஸுக்கு இரண்டும் ஒரே மூட்டை. துறைமுகத்தில் ஜான் கிறிஸ்டியன் என்று பெயர் சொன்னால் நம்ப வேண்டும், அந்தப் பெயருக்குப் பொருந்த ஒரு தொப்பி வேண்டும்.

மெட்ரோபாலிட்டன் கண்காட்சிக்கு வைத்த ‘சூப்பர்ஃபைன்’ என்ற பெயரும் ஒரு முன்னாள் அடிமையின் நூலிலிருந்து எடுத்தது. ஒலாடா ஈக்குவியானோ கரீபியனில் எஜமானின் கப்பலில் வேலை செய்துகொண்டே, கண்ணாடித் தம்ளர் போன்ற சில்லறைப் பொருள்களைத் தீவுக்குத் தீவு வாங்கி விற்றுக் காசு சேர்த்தார். அவருடைய விடுதலைக்கு எஜமான் சொன்ன விலை 40 பவுன். 1766இல் மான்செராட்டில் அதைக் கட்டி மீண்டார். அதற்கு முன்பே, விடுதலை நாளன்று ஆடுவதற்கென்று உயர்ரகக் கம்பளியில் ஒரு சூட்டுக்கு 8 பவுனுக்கு மேல் செலவழித்துவிட்டதாக எழுதுகிறார். விடுதலையின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சிக்கனம் தெரிந்த யாரும் இந்த முடிவைத் தவறு என்பார்கள். முதலில் விடுதலை, அப்புறம் மிச்சம் இருந்தால் கோட்டு என்பதுதான் முறை. ஈக்குவியானோ கணக்குத் தெரியாதவர் இல்லை, பென்னி பென்னியாகச் சேர்த்த வியாபாரி. விடுதலைப் பத்திரத்தை எஜமானின் பக்கத்தவர்கள் எழுதித் தருவார்கள். உடையை அவர் தானே பார்த்து, காசு எண்ணி வாங்கினார்.

எல்லன் கிராஃப்ட்டின் கதையில் தையல் உயிரையே காத்தது. ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் ஊரில் அடிமையாக இருந்தவள், தையல்காரி. தகப்பன் வெள்ளைக்கார எஜமான், அதனால் பார்ப்பதற்கு வெள்ளைக்காரியாகவே தெரிவாள். கணவன் வில்லியம் தச்சன். 1848 டிசம்பரில் இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். எல்லன் நோயுற்ற இளம் தோட்ட முதலாளியாக வேடமிட, வில்லியம் அவனுடைய அடிமையாகக் கூடப் போவான். பெண்ணாக வேடமிட்டால் நடக்காது. வெள்ளைக்காரப் பெண் ஓர் ஆண் அடிமையோடு தனியாகப் பயணம் செய்வது அங்கே வழக்கமில்லை.

வில்லியம் உடுப்பின் பகுதிகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு இடங்களில் வாங்கிவந்தான். கால்சட்டையை மட்டும் எல்லன் தானே தைத்தாள். முடியை வில்லியம் வெட்டினான். உயரத் தொப்பி, பச்சைக் கண்ணாடி. வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். காரணம் எளிது: விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அவளுக்கு எழுதத் தெரியாது. மீசை தாடி முளைக்காத முகத்தை மறைக்கத் தாடையிலும் மருந்துக்கட்டு. பிறகு சவானா, சார்ல்ஸ்டன், பால்டிமோர் என்று ரயிலும் நீராவிக் கப்பலுமாக, முதல் வகுப்பில், தெற்கின் கனவான்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பயணம் செய்தாள். கிறிஸ்துமஸ் நாளில் பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார்கள்.

எழுத்தைத் தடுத்தவர்களை உடையால் ஏய்த்த கதை என்று இதைச் சொல்லலாம். எனக்கு அந்தக் கால்சட்டைதான் முக்கியம். பிறருக்கு அளவெடுத்துத் தைத்தே காலம் கழித்த ஒரு பெண், முதன்முறையாகத் தன் இடுப்பை அளந்து வெள்ளைக்கார ஆணின் உடையைத் தனக்குத் தைத்துக்கொண்டாள். பின்னாளில் அவள் அந்த வேடத்தில் இருக்கும் உருவப்படம் ஊர் ஊராக விற்றது. அதில் தாடைக் கட்டு இல்லை.

அளவெடுத்த கைகள் பலவும் கறுப்பினப் பெண்களின் கைகள் என்பதை டாண்டிகளைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறோம். செயின்ட் லூயிஸில் எலிசபெத் கெக்லி ஒற்றை ஊசியால் 17 பேருக்கு இரண்டரை வருடம் போலச் சோறு போட்டார். 1855இல் வாடிக்கையாளர்கள் கடனாகத் திரட்டிக் கொடுத்த 1,200 டாலரில் தன்னையும் மகனையும் மீட்டார். ஆறு வருடத்தில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி லிங்கனின் மனைவிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். 1953இல் ஜாக்குலின் கென்னடியின் கல்யாண கவுனைத் தைத்தவர் ஆன் லோ. அவருடைய கொள்ளுப்பாட்டி அடிமை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு தையலகத்தில் தண்ணீர் புகுந்து உடைகள் நாசமாயின. சொந்தக் காசைப் போட்டு மறுபடி வெட்டித் தைத்து, நஷ்டத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார். கவுனைப் புகழ்ந்த பத்திரிகைகள் பலவற்றில் அவர் பெயர் இல்லை.

அடிமைமுறை ஒழிந்த பின் கோட்டும் டையும் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் சீருடையாகவே ஆயின. டக்ளஸ் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகம் புகைப்படம் எடுக்கப்பட்ட மனிதர் என்கிறார்கள். கிடைத்தவை 160க்கு மேல். பெரும்பாலும் சிரிக்கமாட்டார், உடையில் குறை இருக்காது. அச்சில் உலவிய கேலிச் சித்திரங்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. 1828 முதல் எட்வர்ட் கிளே என்ற ஓவியர் பிலடெல்ஃபியாவின் சுதந்திரக் கறுப்பர்களை அளவுக்கு மீறி உடுத்திய கோமாளிகளாக வரைந்து விற்றுக்கொண்டிருந்தார். நாடக மேடைகளில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் அதே கோமாளியை ஆடிக்காட்டினார்கள். கறுப்பன் கிழிந்தது போட்டால் அடிமை, நல்லது போட்டால் கோமாளி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்க இடம் தேடி, 1900 பாரிஸ் கண்காட்சிக்கு டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் நூற்றுக்கணக்கான புகைப்படங்களைக் கொண்டுபோனார். கடினக் கழுத்துப்பட்டையும் கோட்டுமாக, நேரே பார்க்கும் ஜார்ஜியாக் கறுப்பர்கள்.

அந்தக் கண்ணியம் பாதுகாப்புத் தந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. 1946 பிப்ரவரியில் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பின வீரர் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் வீடு திரும்பும் வழியில் தென் கரோலினாக் காவலர்களால் அடிக்கப்பட்டு இரு கண்களையும் இழந்தார். சீருடை அவரைக் காக்கவில்லை. அந்தச் சீருடையில் ஒரு கறுப்பரைப் பார்ப்பதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கண்ணியத்தை உதறிவிட்டு வந்தது ஜூட் சூட். தோளில் பஞ்சடைத்து அகலமாக்கிய, முழங்காலைத் தொடும் கோட்டு. மார்புக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும் கால்சட்டை, தொடையில் புடைத்து, கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும். 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் நடன அரங்குகளில் கறுப்பின இளைஞர்களும், லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிக்க இளைஞர்களும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். மால்கம் எக்ஸ் பாஸ்டனில் பதின்ம வயதில் கடனுக்கு எடுத்த முதல் ஜூட் சூட்டைத் தன்வரலாற்றில் வர்ணிக்கிறார். வான நீலம், முழங்காலில் 30 அங்குலம், கீழே 12 அங்குலம். அதைச் சொல்லும் காலத்தில் அவர் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ போதகராகி, அடக்கமான கரிய சூட்டில் மேடை ஏறியவர். பழைய பகட்டை வெட்கத்தோடும் கிண்டலோடும்தான் சொல்கிறார். ஆனாலும் அங்குலக் கணக்கு மறக்கவில்லை.

1942இல் போர்க்கால உற்பத்தி வாரியம் கம்பளியைச் சிக்கனப்படுத்த ஆண்கள் சூட்டின் வெட்டுக்கு வரம்பு விதித்தது. இருநூறு வருடம் கழித்து அரசு மறுபடி முழக்கோலோடு வந்தது. இந்த முறை நோக்கம் வேறு, நாட்டில் போர். ஆனாலும் ஜூட் சூட் போட்டவன் தேசத்துரோகி என்று பத்திரிகைகள் எழுதின. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கடற்படை வீரர்கள் வாடகைக் கார்களில் கும்பலாகப் புறப்பட்டு, மெக்சிக்க, கறுப்பின, ஃபிலிப்பினோ இளைஞர்களைத் திரையரங்குகளிலிருந்தும் டிராம் வண்டிகளிலிருந்தும் இழுத்துப்போட்டு அடித்தார்கள். நடுத்தெருவில் அவர்கள் உடையை உரித்தார்கள். காவலர்கள் கைது செய்தவர்களில் மிகப் பலர் அடி வாங்கியவர்கள்.

மார்ட்டின் லூதர் கிங் 1963இல் எடுத்த முடிவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பர்மிங்ஹாமில் ஈஸ்டர் விற்பனை நேரத்தில் கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டம். கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டருக்குப் புத்தாடை எடுப்பது நம் தீபாவளித் துணிபோலத் தவறாத வழக்கம். அதை நிறுத்தச் சொன்ன தலைவர்கள் தாங்களும் சூட்டைக் கழற்றினார்கள். ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கிங்கும் அவருடைய தோழர் ரால்ஃப் அபர்னதியும் டெனிம் வேலையுடுப்பில் கைதானார்கள். உரிமைப் போராட்டத்தில் இறங்கிய மாணவர் அமைப்பின் இளம்பெண்களும் பண்ணைக் கூலிகளின் டெனிமையே அணிந்து கிராமங்களில் வாக்காளர்களைச் சேர்த்தார்கள். அவர்களுடைய தாய்மார்களில் பலருக்கு அதில் உடன்பாடில்லை. மடிப்புக் கலையாத உடைக்காக ஆயுள் முழுவதும் இஸ்திரி போட்டவர்கள் அவர்கள்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இந்தக் கதை உண்டு. காங்கோவில் பகட்டாக உடுத்தித் திரியும் ‘சப்பேர்’களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புகைப்படத்தில் மயங்கிவிடுகிறார்கள். பிராஸவில்லின் பகோங்கோ பகுதியில், சாக்கடையோரம், இளஞ்சிவப்புச் சூட்டும் சுருட்டுமாக நடந்துவரும் மனிதர். பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் காலணிக்காக வாங்கிய கடனை வீட்டில் யாரோ சுமக்கிறார்கள். அதே சமயம், ஆற்றுக்கு அக்கரையில் சர்வாதிகாரி மொபுட்டு 1970களில் ஐரோப்பியச் சூட்டுக்கும் டைக்கும் தடை விதித்து, ‘அபாகோஸ்ட்’ என்ற மூடிய கழுத்துக் கோட்டை எல்லார் மேலும் ஏற்றியதையும் நினைக்க வேண்டும். ‘சூட் ஒழிக’ என்பதுதான் அந்தப் பெயரின் மூலம். பாடகர் பாப்பா வெம்பாவும் கின்ஷாசா இளைஞர்களும் அப்போது பாரிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றது வெறும் மோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. காலனியாட்சியும் சொந்த சர்வாதிகாரமும் மாறி மாறி உடுத்திவிட்ட உடம்பு அது.

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்ட ஒருவரிடம் கதையைக் கொண்டுவருகிறேன். டேனியல் டே, ஊருக்கு டேப்பர் டேன். ஹார்லெம் 125ஆம் தெருவில் 1982இல் கடை திறந்தார். இரவு பகல் 24 மணி நேரமும் கடை. ராப் பாடகர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், தெருவில் கள்ளப்பணம் புழங்கியவர்கள் என எல்லாரும் வந்தார்கள். 1988இல் மைக் டைசன் விடியற்காலையில் சண்டை போட்டுக் கையை முறித்துக்கொண்டதும் அந்தக் கடை வாசலில்தான். கூச்சி, லூயி வித்தோன், ஃபெண்டி ஆகியவற்றின் சின்னங்களைத் தோலில் தானே திரை அச்சில் அச்சடித்து, அந்த நிறுவனங்கள் கனவிலும் தைக்காத கோட்டுகளைத் தைத்தார் டேன். கைப்பை செய்துகொண்டிருந்தவர்களின் சின்னம், ஹார்லெம் தோள்களின் அகலத்துக்குக் கோட்டாக ஏறியது. சட்டப்படி அது திருட்டு, அதில் சந்தேகமில்லை. சோதனைகள் நடந்தன, வழக்கு வந்தது. ஃபெண்டி தரப்பு வழக்கறிஞராக வந்தவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமயோர். 1992இல் கடை மூடப்பட்டது.

2017இல் கூச்சி தன் புதிய வரிசையில் ஒரு மேல்சட்டையை மேடையேற்றியது. பலூன்போல் புடைத்த கை, உடம்பில் ரோமம், கை முழுக்க நிறுவனத்தின் சின்னம். 1989இல் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்காக டேன் தைத்த மேல்சட்டையின் நகல் அது. சின்னம் மட்டும் மாறியிருந்தது. டிக்சன் தன் பழைய படத்தைப் புதிய படத்துக்குப் பக்கத்தில் வைத்து வெளியிட்டார். இணையத்தில் சத்தம் எழுந்தது. கூச்சி சமரசத்துக்கு வந்தது. 2018இல் ஹார்லெமில் டேனின் தையலகம் மறுபடி திறந்தது, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். ஒரு காலத்தில் அவர் ரகசியமாக அச்சடித்த சின்னங்கள், இந்த முறை துணியும் தோலுமாக இத்தாலியிலிருந்து அந்த நிறுவனத்தின் செலவிலேயே அவர் மேசைக்கு வந்தன.